வழுக்கவும் வேண்டும், வழுக்கவும் கூடாது

மோட்டார் சைக்கிளின் வலது கைப்பிடியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் மூன்று வட்டங்கள் தெரியும். நடுவில் இரும்புக் குழாய்; அதுதான் ஹேண்டில்பார். அதன்மேல் செருகிய பிளாஸ்டிக் குழாய். உதிரிபாகக் கடையில் ஆக்சிலேட்டர் பைப் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதற்கும் மேலே நம் உள்ளங்கை படுகிற ரப்பர் கிரிப். இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே எந்தத் தடையும் இருக்கக் கூடாது. முறுக்கினால் சுழல வேண்டும், விட்டால் ஸ்பிரிங் இழுத்த இழுப்பில் படக்கென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் நடுவிலோ எந்த அசைவும் இருக்கக் கூடாது. ஒரு பரப்பு வழுக்கியே ஆக வேண்டும், இன்னொன்று வழுக்கவே கூடாது. இரண்டையும் பிரித்து வைத்திருப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு பிளாஸ்டிக் சுவர்.

இந்த ஏற்பாடு பெரும்பாலும் மழையில்தான் கெடும். முன்னால் போகிற லாரியைத் தாண்டுவதற்காக ஆக்சிலேட்டரை முறுக்குகிறோம். மணிக்கட்டு திரும்புகிறது, எஞ்சின் சத்தம் கூடவில்லை. ரப்பர் மட்டும் தனியே சுற்றியிருக்கிறது. இதைவிட மோசமானதும் உண்டு. தளர்ந்த கிரிப் உள்பக்கமாக நகர்ந்து ஸ்விட்ச் பெட்டியில் முட்டி இறுகிக்கொண்டால், முறுக்கியது முறுக்கியபடியே நிற்கும். கையை எடுத்தாலும் வேகம் குறையாது.

இடது கிரிப்புக்கு இந்த வேலையெல்லாம் இல்லையே என்று அதை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும், சடாரென்று பிரேக் அடிக்கும்போதும் உடம்பின் பாரத்தில் ஒரு பங்கு அந்தக் கையில்தான் இறங்குகிறது. பழைய பஜாஜ் சேதக் ஓட்டியவர்களுக்கு இடது கிரிப்பின் அருமை தெரிந்திருக்கும். அதில் கியர் இருந்ததே அந்தக் கைப்பிடியில்தான், க்ளட்சைப் பிடித்தபடி முறுக்க வேண்டும். அமெரிக்காவின் இந்தியன் கம்பெனி (பெயரில் மட்டும்தான் இந்தியன்) பல வருடங்கள் ஆக்சிலேட்டரையே இடது கைக்குக் கொடுத்து வண்டி விற்றது.

புது கிரிப் ஜோடியாகத்தான் விற்பனைக்கு வரும். பாக்கெட்டைப் பிரித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றின் துவாரம் மற்றதைவிடச் சற்றுப் பெரிது. பெரும்பாலான வண்டிகளில் ஹேண்டில்பாரின் கைப்பிடிப் பகுதி 22 மி.மீ. விட்டம் கொண்டது, அதாவது பழைய அங்குலக் கணக்கில் 7/8. இடது கிரிப் நேராக இதன்மேல் ஏறும். வலது கிரிப் பிளாஸ்டிக் குழாயின்மேல் ஏற வேண்டியிருப்பதால் அதற்கு 25 மி.மீ. அளவில் இடம் வேண்டும். அவசரத்தில் வலதை இடது பக்கம் மாட்டிவிட்டு, "என்ன ரப்பரோ, நிற்கவே மாட்டேங்குது" என்று கம்பெனியைத் திட்டுவதும் நடக்கிறது.

திருகு இல்லை, நட்டு இல்லை, ஆணி இல்லை. வெறும் ரப்பர் எப்படி நிற்கிறது? துவாரம் குழாயைவிடச் சிறிது, அவ்வளவுதான் விஷயம். ஒரு தோராயக் கணக்குப் போடலாம். துவாரம் 21 மி.மீ., குழாய் 22 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ரப்பர் ஏறக்குறைய 5 சதவீதம் விரிந்துதான் உட்கார முடியும். விரிந்த ரப்பர் சுருங்கப் பார்க்கிறது, சுருங்க முடியாமல் குழாயை நெரிக்கிறது. சுவர் 5 மி.மீ. கனமும் 12 செ.மீ. நீளமும் உள்ள, மிதமான மென்மை கொண்ட கிரிப் என்றால், அந்த நெரிப்பு காற்றுமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பாதி. கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் பரப்பு முழுவதற்கும் கூட்டினால் 38 கிலோ எடையை ஏற்றி வைத்ததற்குச் சமம். உலர்ந்த ரப்பரின் உராய்வுக் கெழு 1-ஐ ஒட்டி இருக்கும் என்பதால், அந்தக் கிரிப்பைச் சுற்றவைக்க அதன் வெளிப்பரப்பில் 25 கிலோவுக்கு மேல் விசை கொடுக்க வேண்டும். எந்த மணிக்கட்டும் ஆக்சிலேட்டருக்கு அவ்வளவு கொடுப்பதில்லை. உள்ளே ஈரம் புகுந்து கெழு நான்கில் ஒன்றாக விழுந்துவிட்டால் 6 கிலோ போதும். அவசர முறுக்கல் ஒன்றுக்கு அது சாதாரணம்.

தண்ணீர் ஏன் இவ்வளவு கெடுக்கிறது என்பதற்கு விடை தேடினால் உராய்வு பற்றிப் பள்ளியில் படித்ததைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியிருக்கும். 1699-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் கியோம் அமோந்தோன் சொன்ன விதி இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது: உராய்வு, அழுத்துகிற எடைக்கு ஏற்பக் கூடும், தொடுகிற பரப்பு பெரிதா சிறிதா என்பது பொருட்டில்லை. மரத்துக்கும் இரும்புக்கும் இது பொருந்தும். ரப்பர் இந்த விதிக்குக் கட்டுப்படாது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிகிற இரும்புக் குழாயும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமும்தான். இரும்பும் இரும்பும் தொட்டால் மேடுகளின் முனைகள் மட்டுமே உண்மையில் தொடும். ரப்பர் மென்மையானது, மேட்டின் சரிவுகளிலும் இறங்கிப் படியும். நிஜமாகத் தொடுகிற பரப்பு அதற்குப் பல மடங்கு அதிகம். அப்படிப் படிந்த இடத்திலெல்லாம் மூலக்கூறுகளுக்கு இடையேயான ஈர்ப்பு வேலை செய்கிறது. மேலே எடையே இல்லாவிட்டாலும் ரப்பர் கொஞ்சம் ஒட்டும்.

இந்த ஒட்டுதலை முதலில் துல்லியமாகக் கணக்கில் கொண்டுவந்தவர்கள் கேம்பிரிட்ஜின் ஜான்சன், கெண்டால், ராபர்ட்ஸ் என்ற மூவர், வருடம் 1971. வழவழப்பான ரப்பர் உருண்டைகளை ஒன்றோடொன்று சேர்த்து, தொடும் வட்டம் எவ்வளவு பெரிதாகிறது என்று அளந்தார்கள். காற்றில் அளந்த ஒட்டுதல், அதே உருண்டைகளைத் தண்ணீருக்குள் வைத்ததும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. தண்ணீரில் சோப்பு வகைப் பொருளைச் சிறிது கரைத்ததும் அதுவும் போய், அளக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிட்டது. ரப்பருக்கும் பரப்புக்கும் நடுவே தண்ணீர் மூலக்கூறுகள் புகுந்துகொண்டால் மூலக்கூறு ஈர்ப்புக்கு இடமில்லை. கிரிப்பின் ஓரத்தில் ஒரு மெல்லிய இடைவெளி இருந்தால் போதும், மழைநீரை அது தானாகவே உள்ளிழுத்துக்கொள்ளும். உள்ளே போனது வெளியேற வழியில்லாமல் நாள்கணக்கில் அங்கேயே இருக்கும். மழை விட்ட மறுநாளும் கிரிப் சுற்றுவதன் காரணம் இதுதான்.

அதே 1971-இல் வெளியான இன்னொரு ஆய்வு என்னை இன்னும் அதிகமாக ஈர்த்தது. அடால்ஃப் ஷாலமாக் என்ற ரப்பர் ஆய்வாளர், கண்ணாடி போன்ற ஒளி ஊடுருவும் பரப்பில் மென்ரப்பர் நகர்வதை நுண்ணோக்கியில் பார்த்தார். ரப்பர் வழுக்கிக்கொண்டு போகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் ரப்பர் வழுக்கவே இல்லை. முன்விளிம்பில் ஒரு சின்ன மடிப்பு எழுந்து, அது அலைபோலப் பின்னோக்கி ஓடி மறைந்தது. பிறகு அடுத்த மடிப்பு. மடிப்பு இருக்கும் இடம் மட்டும் பரப்பை விட்டு எழும்பியிருக்கும்; மற்ற இடமெல்லாம் ஒட்டியபடி அசையாமல் இருக்கும். ஒவ்வொரு அலை கடந்தபின்னும் ரப்பர் மொத்தமும் ஓர் அடி முன்னால் வைத்திருக்கும், கம்பளிப்பூச்சி நடப்பதுபோல. ஷாலமாக் அலைகள் என்று இவற்றுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கிரிப்புக்குள் இதே அலைதான் ஓடுகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "நேற்று வரை சரியாக இருந்தது, இப்போது அரை அங்குலம் வெளியே வந்து நிற்கிறது" என்ற புகாருக்கு இந்தப் படம் பொருத்தமான விளக்கம் தருகிறது. மென்மையான பொருள் மொத்தமாக விடுபட வேண்டியதில்லை. ஒரு நேரத்தில் ஓர் இடம் விடுபட்டுக்கொண்டே நகர முடியும். ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு நொடிக்குப் பல பத்து முறை அதற்குச் சந்தர்ப்பம் தருகிறது.

காலம் செய்வதும் இதேபோல மெதுவான வேலை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் சிரட்டையில் வடிகிற பாலிலிருந்து வரும் பச்சை ரப்பரை இழுத்துப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் இழுத்தபடியே தங்கிவிடும். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று நழுவிக் கடந்துவிடுகின்றன. 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த கந்தகப் பக்குவம் அந்தச் சங்கிலிகளுக்குக் குறுக்கே முடிச்சுப் போடுகிறது. அதனால்தான் பக்குவமான ரப்பர் விட்டதும் சுருங்குகிறது. முடிச்சுக்கு அப்பாற்பட்ட நுனிகளும் சிக்கல்களும் மட்டும் மெல்ல மெல்ல இடம் மாறிக்கொண்டே இருக்கும். மாட்டிய முதல் நாள் முடிந்ததிலிருந்து பத்தாம் நாள் வரை எவ்வளவு நெரிப்புக் குறைகிறதோ, ஏறக்குறைய அதே அளவு மறுபடி குறைய நூறாம் நாள் வரை ஆகும். குறைவது நிற்பதே இல்லை. வேகம் மட்டும் குறைந்துகொண்டு போகும்.

வெயிலின் கதை விசித்திரமானது. பெரும்பாலான பொருள்கள் சூடானால் விரியும், ரப்பரும் விரியும். அதுவும் இரும்பைவிடப் பத்து மடங்குக்கு மேல். அப்படியானால் மே மாத வெயிலில் நிற்கிற வண்டியில் கிரிப் தளர்ந்தாக வேண்டும். இங்கேதான் ஜான் கௌ வருகிறார். வட இங்கிலாந்தின் கெண்டல் ஊர்க்காரர், சிறுவயதில் அம்மையில் பார்வை போனவர், அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்கு ஆசிரியர். ஒரு ரப்பர் நாடாவை உதட்டில் வைத்து வெடுக்கென்று இழுத்தார், உதட்டில் சூடு தெரிந்தது. சுருங்க விட்டார், குளிர்ந்தது. எடை கட்டித் தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் அது நீள்வதற்குப் பதில் எடையைத் தூக்கிக்கொண்டு சுருங்கியது. 1805-இல் இதை வெளியிட்டார். அரை நூற்றாண்டு கழித்து இயற்பியலாளர் ஜூல் அளந்து உறுதி செய்தார். (வீட்டில் அகலமான ரப்பர் பேண்ட் இருந்தால் இந்த நிமிடமே உதட்டில் வைத்துப் பார்க்கலாம், ஏமாற்றாது.) இழுத்த சங்கிலிகள் வரிசையில் நிற்கின்றன. சூடு கூடினால் அவற்றின் ஆட்டம் கூடுகிறது. ஆடுகிற சங்கிலி வரிசையில் நிற்காது, சுருண்டுகொள்ளப் பார்க்கும். அதனால் இழுவை கூடுகிறது.

ஆகவே கிரிப்புக்குள் இரண்டு போக்குகள் எதிரெதிராக இழுக்கின்றன. சாதாரண விரிவு தளர்த்தப் பார்க்கிறது, கௌ கண்டது இறுக்கப் பார்க்கிறது. எது ஜெயிக்கும் என்பது ரப்பர் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இழுப்பு ஏறக்குறைய 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விரிவுக்கு வெற்றி, மேலே போனால் சுருக்கத்துக்கு. நம் கணக்கில் வந்த 5 சதவீதக் கிரிப் வெயிலில் சற்றுத் தளரவே செய்யும்.

இனி மெக்கானிக்கின் பாடு. அவர் முன்னால் இருப்பது ஒரே கேள்விதான், ஆனால் அதற்குள் ஒரு முரண் இருக்கிறது. ஏற்றும்போது ஐந்து நிமிடம் ரப்பர் வழுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். அதன்பிறகு ஐந்து வருடம் வழுக்கக் கூடாது. நடுவே ஊற்றுகிற திரவம் வந்த வேலை முடிந்ததும் மறைய வேண்டும், அல்லது பசையாக மாற வேண்டும்.

எண்ணெய் வழுக்கும், ஆனால் போகாது. ஆவியாகாத அது இயற்கை ரப்பருக்குள் ஊறி அதை உப்பவைக்கும். துவாரமும் சேர்ந்து பெருக்கும். கிரீஸும் அப்படியே. சோப்புத் தண்ணீரில் தண்ணீர் காய்ந்துவிடும், சோப்பு உள்ளேயே தங்கிவிடும். முதல் மழை வரட்டும், அது மறுபடி வழுக்கத் தொடங்கும். கேம்பிரிட்ஜ் மூவரின் சோப்புக் கரைசல் முடிவைப் பார்த்தபின் இந்த முறையை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பெட்ரோல் ஊற்றி ஏற்றுவது நம் ஒர்க்‌ஷாப்களில் சகஜம். அதன் தந்திரம் சுவாரசியமானது. பெட்ரோலும் ரப்பருக்குள் ஊறி உப்பவைக்கிறது, துவாரம் விரிவதால் கிரிப் எளிதாக ஏறுகிறது, பிறகு பெட்ரோல் ஆவியானதும் ரப்பர் பழைய அளவுக்குச் சுருங்கி இறுகுகிறது. ஆனால் அடிக்கடி செய்தால் ரப்பரிலுள்ள மென்மையூட்டிகளையும் அது கழுவிக்கொண்டு போய்விடும். பக்கத்தில் பீடி பற்றவைக்கிறவர் இருந்தால் வேறு வகை ஆபத்தும் உண்டு. மருந்துக்கடை ஸ்பிரிட் இதைவிட மேல். ஆல்கஹால் ரப்பரை அவ்வளவாக உப்பவைக்காது, கொஞ்ச நேரம் வழுக்கும், சுவடில்லாமல் போகும்.

தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயைக் கிரிப்புக்கு அடிப்பது வெளிநாடுகளில் பிரபலம், இங்கும் வந்துவிட்டது. யோசனை கெட்டிக்காரத்தனமானது. அதில் இருப்பது ஆல்கஹாலில் கரைந்த பாலிமர். ஈரமாக இருக்கும்வரை வழுக்கும், ஆல்கஹால் போனதும் மீதிப் பாலிமர் பிசுபிசுப்பான படலமாக இறுகும். ஆனால் தலைக்குக் குளித்தால் போய்விட வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட பாலிமர் அது. வறண்ட ஊருக்குச் சரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓட்டுகிறவருக்கு அது எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்துக்கு ஸ்பிரே பெயின்ட் தேவலாம். அதுவும் முதலில் வழுக்கிப் பிறகு இறுகும், தண்ணீரில் கரையாது.

ஃபெவிக்விக் ஊற்றிவிடலாமே என்ற யோசனை எல்லாருக்கும் ஒருமுறையாவது வரும். அந்தப் பசை வகையான சயனோஅக்ரிலேட், 1942-இல் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய ஹாரி கூவரின் கையில் அகப்பட்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டித் தொல்லை கொடுத்ததால் தூக்கிப் போட்டார்கள். 1950-களில்தான் ஒட்டுவதே அதன் பெருமை என்று உணர்ந்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அது இறுகக் காற்று வேண்டாம், சூடு வேண்டாம். பரப்பில் படிந்திருக்கும் ஈரம் போதும். சிக்கலும் அதுதான். கிரிப் முக்கால் தூரம் போகும்போதே இறுகிவிடும். இறுகியபின் கண்ணாடிபோல விறைப்பாக நிற்கும், ரப்பரின் வளைவுக்கும் அதிர்வுக்கும் ஈடுகொடுக்காமல் நொறுங்கும். வலது பக்கத்தில் ஒரு சொட்டு ஆக்சிலேட்டர் பைப்பின் ஓரமாக உள்ளே வழிந்தால், வழுக்கியே ஆக வேண்டிய அந்த முதல் பரப்பும் ஒட்டிக்கொள்ளும்.

பஞ்சர் கடைச் சொல்யூஷன் என் கட்சி. அது கரைப்பானில் கரைத்த ரப்பர்தான். குழாயைப் பெட்ரோலாலோ ஸ்பிரிட்டாலோ துடைத்து, துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, மெல்லியதாகப் பூசி, ஈரம் இருக்கும்போதே ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். கரைப்பான் போனபின் நடுவே இருப்பதும் ரப்பர் என்பதால் கிரிப்போடு சேர்ந்து வளையும். கழற்ற நினைத்தால் உரித்தும் எடுக்கலாம். ஒரு நாள் முழுக்க வண்டியைத் தொடாமல் இருக்க வேண்டும். பலருக்கு அதுதான் முடியாத காரியம்.

சேற்றிலும் குதிப்பிலும் ஓடும் மோட்டோகிராஸ் பந்தயக்காரர்கள் பசையை மட்டும் நம்புவதில்லை. விமானங்களில் போல்ட் கழன்றுவிடாமல் கட்டுகிற துருப்பிடிக்காத கம்பியை, ஏறக்குறைய 0.8 மி.மீ. கனம், கிரிப்பிலுள்ள பள்ளங்களில் சுற்றி முறுக்குகிறார்கள். பார்க்க நம் ஊர்க் கட்டுக்கம்பி வேலை மாதிரிதான் இருக்கும். ஆனால் அதன் பின்னாலுள்ள கணக்கு அழகானது. ஒரு சுற்றுக் கம்பியை 20 கிலோ விசையில் இழுத்து முடிந்தால், அது ரப்பரைச் சுற்றிலுமாக அழுத்தும் மொத்த விசை 20 அல்ல. அதை 2π-ஆல் பெருக்க வேண்டும், 125 கிலோவுக்கு மேல். குழாய் பெரியதோ சிறியதோ, விடை மாறாது. கிரிப் முழுவதும் தானாகத் தரும் 38 கிலோவோடு ஒப்பிட்டால், ஒற்றைக் கம்பி அதைப்போல் மூன்று மடங்கு. முறுக்கிய நுனியை மடக்கி, உள்ளங்கை படாத பக்கமாக ரப்பருக்குள் குத்திவிடுவார்கள். மறந்தால் கையுறை கிழியும். மலைச் சைக்கிள்களில் பரவிய இன்னொரு வகையில் கிரிப்பின் உள்ளேயே கெட்டிக் குழாய் வைத்து, ஓரத்தில் ஒரு வளையத்தை ஆலன் கீயால் இறுக்குகிறார்கள். வழுக்காது. கெட்டிக் குழாய் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் ரப்பர் மெலிந்து, அதிர்வு நேராகக் கைக்கு வரும்.

பசை போடாத கிரிப்பைக் கிழிக்காமல் கழற்ற வேண்டுமானால் காற்றடிக்கும் கடைக்குப் போனால் போதும். கம்ப்ரஸரின் காற்று காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் பல மடங்கு. கிரிப்பின் நெரிப்போ பாதிதான். குழாயின் மறுமுனையை அடைத்துக்கொண்டு, நாசிலை ரப்பரின் ஓரத்தில் செருகி அடித்தால் கிரிப் ஒரு கணம் உப்பி, காற்றின்மேல் மிதந்து, கையோடு வந்துவிடும். ஏற்றவும் இதே வழி. காற்றை விட்டதும் உள்ளே காய வேண்டியது எதுவும் இல்லை.

எந்த வழியில் மாட்டினாலும், வலது கிரிப்பின் உள்விளிம்புக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும் நடுவே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிடாமல் ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கி விட்டுப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பாரை நேராக வைத்து ஒருமுறை, இடது கோடிக்குத் திருப்பி ஒருமுறை, வலது கோடிக்குத் திருப்பி ஒருமுறை. மூன்று தடவையும் படக்கென்று திரும்பினால் வண்டியை எடுக்கலாம். ஒரு தடவை சோம்பலாகத் திரும்பினாலும் கிரிப்பைக் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து.